சும்மாதான் இருந்தேன்

“படிப்பு?”

“பன்னெண்டாவதுங்கண்ணா. பாஸ்.”

“அதுக்கப்புறம் என்ன வேலை பாத்தே?”

“வேலைன்னு ஒண்ணும் இல்லீங்கண்ணா. சும்மாதான் இருந்தேன்.”

புளியஞ்சோலையில் நான் கடை போட்டு 20 வருஷம் ஆகப்போகிறது. பயோடேட்டா அடிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பதிலைத்தான் சொல்கிறார்கள். சொல்கிறவன் உள்ளங்கையைப் பார்த்தால் காய்ப்புக் காய்த்துக் கிடக்கும். சும்மா இருந்த கை அப்படி இருக்காது.

கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், லேமினேஷன். திருச்சியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர்; துறையூர், உப்பிலியபுரம் வழியாக வந்தால் பஸ் போய் நிற்கிற கடைசி இடம். அதற்கு மேல் காடு, அய்யாறு, கொல்லிமலை. சனி ஞாயிறில் ஆற்றில் குளிக்க வருகிற கூட்டம் செல்போனுக்குச் சார்ஜ் போடத்தான் கடைக்குள் எட்டிப் பார்க்கும். வார நாட்களில் வருகிறவர்களை நம்பித்தான் என் பிழைப்பு. பட்டா நகல், ரேஷன் கார்டு நகல், ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், அப்புறம் பயோடேட்டா. மேலே மலை ஊர்களில் இருப்பவர்களும் ஒற்றையடிப் பாதையில் இறங்கி வருவார்கள். வாழைத்தாரும் பலாப்பழமும் மிளகு மூட்டையும் சுமந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள், இப்போது மார்க் ஷீட்டை பாலிதீன் கவரில் சுருட்டிக்கொண்டு இறங்குகிறார்கள்.

நான் துறையூரில் டைப்ரைட்டிங் படித்தவன். ஃபேசிட் மெஷினில் காலை ஆறு மணி பேட்ச். இங்கிலீஷில் லோயர், தமிழில் ஹையர். குரூப் 4 எழுதி டைப்பிஸ்ட் ஆகிவிடலாம் என்பது கணக்கு. கணக்கு தப்பியது, விரல் மட்டும் மிச்சம். அந்த இன்ஸ்டிடியூட்டில்தான் முதன்முதலாக அடுத்தவருக்கு பயோடேட்டா அடித்துக் கொடுத்தேன். ஃபுல்ஸ்கேப் தாளில் ஒரே பக்கம். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, தாய்மொழி, அங்க அடையாளம், படிப்பு, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு எண். அந்தப் பதிவு எண்தான் உயிர்நாடி. பத்தாவது முடித்ததும் பதிந்து, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பித்து, கார்டை டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டு, சீனியாரிட்டியில் என்றைக்காவது ஒரு கடிதம் வரும் என்று காத்திருந்த காலம் அது.

அந்தத் தாளில் எதெது இருந்தது என்று பின்னாளில் யோசித்துப் பார்த்தேன். நீ யார் மகன், எந்த சாதி, எந்த தேதியில் பிறந்தாய், என்ன பாஸ் பண்ணினாய் என்பதெல்லாம் இருந்தது. நீ என்ன செய்தாய் என்ற கேள்வி மட்டும் இல்லை. சர்க்கார் விண்ணப்பப் படிவத்துக்கு அது தேவைப்படவில்லை. வயது, சாதி, மார்க், சீனியாரிட்டி இருந்தால் போதும். நம் ஊர் பயோடேட்டா அந்தப் படிவத்துக்குப் பிறந்த பிள்ளை. தனியார் கம்பெனிக்கு அனுப்பும்போதும் அப்பா ஜாடை போகவில்லை. ‘சும்மாதான் இருந்தேன்’ என்பதும் அந்தப் படிவம் பழக்கிவிட்ட பதில்தான் என்று எனக்குத் தோன்றும். கட்டம் போட்டுக் கேட்காத எதுவும் வேலை இல்லை.

கம்ப்யூட்டர் வந்ததும் நான் செய்த காரியம் இன்னும் மோசம். ஒரே ஒரு ஃபைல் வைத்திருந்தேன். ஒரு கைடு புத்தகத்தைப் பார்த்து அடித்தது. மேலே ‘ஆப்ஜெக்டிவ்’ என்று ஒரு பத்தி. சவாலான நிறுவனம் ஒன்றில் சேர்ந்து, என் திறமையை வளர்த்து, நிறுவனத்தையும் வளர்க்க விரும்புகிறேன் என்று இங்கிலீஷில் போகும். பி.இ. முடித்தவனுக்கும் அதே பத்தி, லாரி கிளீனருக்கும் அதே பத்தி. கீழே ஹாபி: பாட்டுக் கேட்பது, கிரிக்கெட் விளையாடுவது. கிரிக்கெட் பேட்டைத் தொட்டே பார்க்காத பெண்பிள்ளைகளும் என் கடையில் கிரிக்கெட் ஆடினார்கள். பேரை மாற்று, மார்க்கை மாற்று, பிரிண்ட் எடு. 30 ரூபாய்.

ஒருநாள் ஒரு பையன் வந்து கவுன்ட்டரில் தாளை வைத்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “அண்ணே, இன்டர்வியூல ஒங்கப்பா பேரு என்னன்னு கேட்டாங்க. சொன்னேன். பேப்பர்ல வேற பேரு இருக்கேன்னாங்க.” பார்த்தேன். அவனுக்கு முன்னால் வந்தவனுடைய அப்பா பெயர், நான் மாற்ற மறந்தது. அத்தனை பேர் நடுவில் அப்பா பெயர் தெரியாதவன் போல நின்றிருக்கிறான். காசைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டான்.

அடுத்தது ஒரு தங்கச்சி. என் ஃபைலில் ‘கம்ப்யூட்டர் அறிவு: எம்.எஸ். ஆபீஸ், டேலி’ என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு வரி கிடக்கும். அது பி.காம். பிள்ளை, டேலி கேள்விப்பட்டிருக்கிறது, தொட்டதில்லை. துறையூர்ப் பக்கம் ஒரு இடத்தில் கணக்கு எழுதக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, “ஒரு பர்ச்சேஸ் என்ட்ரி போடும்மா” என்றார்களாம். மவுஸைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்திருக்கிறது. “நீங்கதானேண்ணே போட்டீங்க” என்றது. ஆமாம், நான்தான் போட்டேன். அன்று சாயங்காலம் அந்த ஃபைலை அழித்தேன்.

அழித்த பிறகு வெறும் வெள்ளைத் திரை. கேள்வி கேட்காமல் அதை நிரப்ப முடியாது. கேள்வி கேட்க நான் கற்றுக்கொண்டது, இந்தக் கட்டுரை ஆரம்பத்தில் வந்த ‘சும்மா இருந்த’ பையனிடம்தான்.

“சும்மான்னா, வீட்லயா இருந்தே?”

“இல்லீங்கண்ணா, நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில.”

“எத்தனை வருஷம்?”

“நாலு வருஷங்க.”

நாலு வருஷம். இதற்குப் பேர் சும்மா! ஸ்டூலை இழுத்து உட்காரச் சொன்னேன். “என்ன வேலை பார்த்தே” என்று மறுபடி கேட்கவில்லை. கேட்டால் “எல்லாம்தாங்கண்ணா” என்பான். “காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பே? எந்திரிச்சதும் முதல்ல என்ன பண்ணுவே?” என்று கேட்டேன். வாய் திறந்துகொண்டது.

முதல் ஒரு வருஷம் குஞ்சு ஷெட். குஞ்சு வந்து இறங்கிய வாரத்திலேயே வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா மருந்து, கண்ணில் ஒரு சொட்டு. ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்து விடவேண்டும். மருந்து ஐஸிலேயே இருக்கவேண்டும், கலக்கினால் சீக்கிரம் விட்டு முடித்துவிடவேண்டும். ராத்திரியில் குஞ்செல்லாம் பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர், விலகி ஓரமாக ஒதுங்கினால் சூடு, பரவலாகப் படுத்தால் சரி. தெர்மாமீட்டர் இருந்தாலும் முதலில் பார்ப்பது அதைத்தானாம். அப்புறம் மூன்று வருஷம் முட்டைக்கோழி ஷெட். அவன் பொறுப்பில் 10,000 கோழி.

“தீவனம் எவ்வளவு போடுவே?”

“கோழிக்கு 110 கிராம் கணக்குங்க. நாளைக்கு 22 மூட்டை.”

நான் கால்குலேட்டரைத் தட்டினேன். 1,100 கிலோ, 50 கிலோ மூட்டையில் சரியாக 22. அவன் தட்டவில்லை.

“முட்டை?”

“நல்லா விடுற நாள்ல 300 அட்டை வரும்.” ஒரு அட்டைக்கு 30 முட்டை. 9,000 முட்டை, 90 சதவீதம். “280க்குக் கீழ எறங்குனா டாக்டருக்கு போன் அடிச்சிருவேன். தண்ணியா தீவனமா வெயிலான்னு பாக்கணும்ல.” செத்த கோழிக்குத் தனி நோட்டு. தினம் எத்தனை, எந்த வரிசைக் கூண்டில், ஒரே வரிசையில் விழுகிறதா, பரவலாக விழுகிறதா. எல்லாம் அவன் கையெழுத்து.

இவ்வளவும் சொல்லி முடித்துவிட்டு, “இதெல்லாமா போடுவாங்கண்ணா?” என்றான்.

போட்டேன். ஆப்ஜெக்டிவ் இல்லை, ஹாபி இல்லை, மதம் இல்லை, அங்க அடையாளம் இல்லை. பெயர், போன் நம்பர், உடனே வேலை. 10,000 முட்டைக்கோழி கொண்ட ஷெட்டின் அன்றாடப் பொறுப்பு, மூன்று வருஷம். தினம் 1,100 கிலோ தீவனக் கணக்கு. முட்டை உற்பத்தி சதவீதமும் இறப்புப் பதிவேடும் எழுதியது. உற்பத்தி குறைந்தால் காரணம் பார்த்து மருத்துவருக்குத் தகவல். குஞ்சுகளுக்குச் சொட்டு மருந்து, வெப்பநிலைக் கவனிப்பு, ஒரு வருஷம். அதற்கும் கீழேதான் பன்னிரண்டாம் வகுப்பு. கடைசியாகச் செய்த வேலை முதலில், அதற்கு முந்தியது அடுத்து. இன்டர்வியூ பண்ணுகிறவர் மேலே நாலு வரி படித்துவிட்டு அடுத்த தாளை எடுத்துவிடுவார். அந்த நாலு வரியில் தகப்பனார் பெயரும் தாய்மொழியும் இருந்து என்ன பயன்?

குஞ்சு பொரிப்பகம் ஒன்றில் சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். இன்டர்வியூவில் இங்கிலீஷ் பேசச் சொல்லவே இல்லையாம். பேப்பரைப் பார்த்துக்கொண்டே “280க்குக் கீழ எறங்குனா என்ன பண்ணுவ தம்பி” என்று ஆரம்பித்து அரை மணி நேரம் கோழியைப் பற்றியே பேசியிருக்கிறார்கள்.

இந்தக் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆடி மாதம் மேலே விழா எடுக்கிறார்கள். புறநானூற்றில் வன்பரணர் அவனைப் பாடியிருக்கிறார். காட்டில் ஒருவன் அம்பு விடுகிறான். ஒரே அம்பு யானையைச் சாய்த்து, புலி, மான், பன்றி என்று துளைத்துக்கொண்டு போய்க் கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் தைக்கிறது. ‘இவன் ஓரியாகத்தான் இருக்கவேண்டும்’ என்று யூகித்துப் பாடினால், தன் பெயரைக் கேட்டு அவன் நாணிப்போகிறான். எனக்கு இதில் பிடித்த விஷயம், ஓரி வாயைத் திறந்து ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லவேண்டியதைப் புலவர் சொல்கிறார், அதுவும் ‘சிறந்த வில்லாளி, கடின உழைப்பாளி’ என்று பொத்தாம் பொதுவாக இல்லை. எத்தனை அம்பு, எந்தெந்த விலங்கு, எந்த வரிசையில், கடைசியில் எங்கே போய் நின்றது. நல்ல பயோடேட்டாவுக்கு இதைவிடப் பெரிய பாடம் நான் எந்த கைடிலும் பார்க்கவில்லை. கூச்சம் இந்த மலைக்கே உள்ளதோ என்னவோ.

பெண்கள் விஷயத்தில் இந்தக் கூச்சம் இரண்டு மடங்கு. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து ஒரு அக்கா துணிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போகவேண்டும் என்று வந்தார். “வீட்லதான் தம்பி இருந்தேன்.” மகளிர் குழுவில் இருந்தீங்களா என்றேன். இருந்தாராம், ஆறு வருஷம் எழுத்தர் பொறுப்பு. 15 பேருடைய சேமிப்பு, உள்கடன், வட்டி, பேங்க் லோன் தவணை, தீர்மான நோட்டு, எல்லாம் அவர் கையில். வருஷா வருஷம் ஆடிட்டில் ஒரு ரூபாய் இடித்ததில்லை. ‘இடைவெளி’ என்று கம்பெனிக்காரன் முகம் சுளிக்கிற அந்தப் பத்து வருஷத்தில் ஆறு வருஷம் கணக்கு வேலை இருக்கிறது. சம்பளம் இல்லை என்பதால் அது வேலை இல்லை என்று அவரே நினைத்திருக்கிறார். ‘சம்பளமில்லாப் பொறுப்பு’ என்று ஒளிக்காமல் குறிப்பிட்டே போட்டோம். பொய் வேண்டாம்.

பொய் கேட்டு வருகிறவர்களும் உண்டு. “மூணு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ்னு போடுங்கண்ணே, எல்லாரும் போடுறாங்க.” டேலிப் பிள்ளையின் கதையைச் சொல்லுவேன். பாதிப் பேர் கேட்பார்கள், மீதிப் பேர் துறையூர் கடைக்குப் போய்விடுவார்கள்.

வளைகுடாவுக்குப் போகிற டிரைவர்கள் பயோடேட்டாவுக்கு வேறு கவனம் வேண்டும். கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறுகிற ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவு. அதில் மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றிச் சேகோ ஃபேக்டரிக்கு எட்டு வருஷம் இறக்கிய ஆள், ‘டிரைவர், அனுபவம் 8 வருடம்’ என்று மொட்டையாக அனுப்பியிருந்தார். எந்த வண்டி, எத்தனை டன், எந்த ரோடு, விபத்து உண்டா இல்லையா, பிரேக் வேலை தானே பார்ப்பாரா என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். பத்தாவது தேறாதவர், பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற முத்திரை இருக்கும். அதை மறைக்காமல் போட்டால் பிறகு விமான நிலையத்தில் நிற்கவேண்டி வராது. ஏஜென்ட் ஒருத்தர் ஒன்றரை லட்சம் கேட்கிறார் என்றார். பதிவு பெற்ற ஏஜென்ட் என்றால் சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், தமிழ்நாடு அரசே 1978லிருந்து அயல்நாட்டு வேலைக்கென்று ஒரு நிறுவனம் நடத்துகிறது, முதலில் அங்கே பதியுங்கள் என்று சொன்னேன். பயோடேட்டா அடிக்கிறவன் வேலை இதில் சேர்த்தியா என்று கேட்டால் தெரியாது. ஆனால் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவர் வேறு யாரிடம் போய்க் கேட்பார்?

மற்றதெல்லாம் சில்லறைச் சமாசாரம். ஆனால் வேலை போவது சில்லறையில்தான். மார்க் ஷீட்டில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், இனிஷியல் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. நான் பத்தாவது மார்க் ஷீட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் போடுவேன். மலையில் பல ஊர்களில் சிக்னல் கிடைக்காது. அதனால் இரண்டு நம்பர், ஒன்று கீழே இருக்கிற மாமா வீட்டு நம்பர். மெயில் ஐ.டி. விஷயத்தில் சண்டையே நடக்கும். ‘க்யூட் ராக்கி’ என்று வைத்திருக்கிற ஐ.டி.யைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பெயரிலேயே புதிதாகத் தொடங்கிக் கொடுப்பேன். அதிலும் ஒரு பாவம் என் கணக்கில் உண்டு. பாஸ்வேர்டை நானே போட்டு என் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது வழக்கம். ஒரு பையனுக்கு வந்த இன்டர்வியூ கடிதம் பதினெட்டு நாள் அந்தப் பெட்டியில் படிக்கப்படாமல் கிடந்தது. மெயில் என்றால் என் கடையில் இருக்கிற ஒரு சாமான் என்றுதான் அவன் நினைத்திருந்தான். இப்போது அவரவர் செல்போனிலேயே திறக்கவைத்து, எனக்கு ஒரு மெயில் அனுப்பச் சொல்லி, வந்ததைப் பார்த்த பிறகுதான் எழுந்து போக விடுவேன்.

பாமினியில் அடித்த தமிழ்க் கடிதம் ஒன்றும் இந்த வரிசையில் சேரும். தமிழாசிரியர் வேலைக்கு ஒரு அம்மாவின் விண்ணப்பம். என் கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டரில் பாமினி எழுத்துரு இல்லை; கடிதம் முழுக்க அர்த்தமில்லாத இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடந்திருக்கிறது. “தமிழாசிரியர் வேலைக்கு இது என்ன பாஷைம்மா?” என்று போனில் கேட்டார்களாம். அன்றிலிருந்து யூனிகோட், அதுவும் பி.டி.எஃப். ஆக்கித்தான் அனுப்புவது. பெரிய கம்பெனிகளில் மனுஷன் பார்ப்பதற்கு முன்னால் சாஃப்ட்வேர் படிக்கிறது என்பதால் கட்டம், இரண்டு பத்தி, பூப்போட்ட பார்டர் எல்லாம் ஒழிந்தது. பார்டர் இல்லாத பயோடேட்டாவுக்கு எதற்கு 50 ரூபாய் என்று இன்னமும் கேட்கிறார்கள்.

இப்போது பையன்கள் செல்போனிலேயே ரெஸ்யூம் செய்துகொண்டு வருகிறார்கள். கலர் கலராக இருக்கிறது. ‘தமிழ்’ என்று போட்டுப் பக்கத்தில் ஐந்துக்கு நாலு நட்சத்திரம். தாய்மொழியில் அந்த ஒரு நட்சத்திரம் எங்கே போனது என்று கேட்டால் சிரிக்கிறார்கள். சிலர் ஏ.ஐ.யிடம் கேட்டு வாங்கி வருகிறார்கள். இங்கிலீஷ் வழுக்கிக்கொண்டு போகிறது, நான் அடித்ததைவிட ஆயிரம் மடங்கு நன்றாக. ஒரு வார்த்தையில் விரலை வைத்து “இது என்ன தம்பி?” என்றால் தெரியவில்லை. நான் அழித்த பழைய ஃபைல் திரும்பி வந்த மாதிரி இருக்கிறது. அந்தத் தாளைத் திருப்பி வைத்துவிட்டு, “காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பே?” என்று ஆரம்பிப்பேன்.

போன மாதம் திருச்சி வேலைவாய்ப்பு முகாமுக்கு முந்தின நாள் நல்ல கூட்டம். கடைசியாக, மலைமேலிருந்து இறங்கி வந்த ஒரு பையன். உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவன். ஆறு சீசனாக மிளகுக் கொடி ஏறிப் பறித்து, உதிர்த்து, காயவைத்து, தரம் பிரித்துக் கொடுத்தவன். வாசனைப்பொருள் கடை ஒன்றுக்குக் கொள்முதல் உதவியாளர் வேலை. பச்சை மிளகு மூன்று கிலோ காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ நிற்கும் என்று கையில் அள்ளிக் காட்டுவது போலச் சொன்னான். அதை இரண்டாவது வரியாக வைத்தேன்.

முடிவில் உறுதிமொழி, கையெழுத்து, ‘இடம்’, ‘தேதி’. அங்கேதான் நின்றுவிட்டான். அவன் வீடு மலைமேல், நாமக்கல் மாவட்டம். 1997க்கு முன்னால் அவன் அப்பா காலத்தில் அது சேலம் மாவட்டம். நாங்கள் உட்கார்ந்திருக்கிற அடிவாரம் திருச்சி மாவட்டம், துறையூர் தாலுகா. எஸ்.டி. சான்றிதழுக்கும் மற்ற கையெழுத்துகளுக்கும் மலையைச் சுற்றிக்கொண்டு நாமக்கல் போகிறவன், வேலைக்கு இந்தப் பக்கம் இறங்கி வந்திருக்கிறான்.

“இடம்னா வீடு இருக்கற எடமா சார், இப்ப இருக்கற எடமா?”

“கையெழுத்துப் போடற எடம்ப்பா.”

பேனாவை வாங்கி, இங்கிலீஷ் தாளின் அடியில் தமிழில் ‘புளியஞ்சோலை’ என்று எழுதினான். அடித்துத் திருத்தச் சொல்லலாமா என்று யோசித்தேன். கரண்ட் எந்நேரமும் போய்விடும் போல இருந்தது. அப்படியே ஆறு ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தேன்.